நீலகிரி, டிம்புலா, அசாம், டார்ஜிலிங்: நாலு தேயிலையை நியாயமாக ஒப்பிடுவது எப்படி?

சுடுதண்ணி கேட்டது:

கைவசம் நாலு தேயிலை. நீலகிரி டஸ்ட் (பாக்கெட்டில் எஸ்.ஆர்.டி., அதாவது சூப்பர் ரெட் டஸ்ட் என்று போட்டிருக்கிறது), இலங்கை டிம்புலா பி.ஓ.பி.எஃப். (பொடியாக உடைத்த இலை ரகம்), அசாம் சி.டி.சி. குருணை (பி.பி., அதாவது புரோக்கன் பீக்கோ), டார்ஜிலிங் ஃபர்ஸ்ட் ஃப்ளஷ் (ஆண்டின் முதல் பறிப்பு) முழு இலை.

செய்த முறை: ஒவ்வொன்றிலும் ஒரு டீஸ்பூன், 150 மில்லி தண்ணீர், அடுப்பில் 4 நிமிடம் கொதி, வடிகட்டல். பாதியை அப்படியே குடித்துப் பார்த்து, மீதியில் 50 மில்லி பால்.

நீலகிரி கறுத்துக் கசந்தது, பால் விட்டதும் சரியாகிவிட்டது. டிம்புலா வெறும் டீயாக நன்றாக இருந்தது, ஆனால் பால் ஊற்றியதும் பால்தான் தெரிந்தது. அசாம் பாலோடு அருமை. டார்ஜிலிங் கஷாயம் போல நாக்கைப் பிடித்தது, பாலில் அடையாளமே இல்லாமல் போனது. நாலில் விலை கூடியது அதுதான் என்பது கூடுதல் எரிச்சல்.

மூன்று கேள்விகள். எல்லாவற்றையும் ஒரே முறையில் போட்டது தப்பா? தொழில்முறையில் ருசி பார்ப்பவர்கள் எப்படிப் போடுகிறார்கள்? அதை வீட்டில் செய்ய என்னென்ன வேண்டும்?

---

கோப்பை140 எழுதியது:

ஒரே முறையில் போட்டது தப்பில்லை. ஆனால் நீங்கள் போட்டது ஒரே முறை இல்லை. கோளாறு டீஸ்பூனில் இருக்கிறது. டஸ்ட் ஒரு டீஸ்பூன் அள்ளினால் 3 கிராம் வரும். டார்ஜிலிங் முழு இலை அதே ஸ்பூனில் ஒன்றரை கிராம் தேறினால் அதிகம், இலைகளுக்கு நடுவே காற்றுதான் நிற்கும். அதாவது ஒரு கோப்பையில் இரண்டு மடங்கு தேயிலை. 0.1 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு இல்லாமல் இந்த வேலையை ஆரம்பிக்கவே வேண்டாம்.

இரண்டாவது விஷயம் இதைவிடப் பெரியது. நீங்கள் ஒப்பிட்டது நாலு ஊரை அல்ல, நாலு பருமனை. டஸ்ட் என்றால் மாவு போன்ற துகள். வெந்நீர் பட்ட ஒன்றரை இரண்டு நிமிடத்தில் கொடுக்க வேண்டியதில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடும். சி.டி.சி. குருணை, பல் வைத்த உருளைகளுக்கு நடுவே இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டி எடுப்பது (1930-இல் அசாமில் அம்கூரி தோட்டத்தில் தொடங்கிய முறை). இலையின் அறைகள் முழுக்க உடைந்திருப்பதால் அதுவும் வேகமாக இறங்கும். ஆர்தடாக்ஸ் இலை உருட்டப்பட்டது மட்டுமே, சாறு மெல்ல வரும். இந்த மூன்றுக்கும் ஒரே 4 நிமிடம் கொடுத்துவிட்டு "நீலகிரி கசக்கிறது" என்றால் அது நீலகிரியின் குணம் இல்லை, டஸ்ட்டின் குணம். நீலகிரி ஆர்தடாக்ஸை டிம்புலாவின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒன்றுவிட்ட சகோதரிகள் மாதிரி இருக்கும்.

ஆகவே ஊரை ஒப்பிட வேண்டுமென்றால் பருமனும் தயாரிப்பு முறையும் ஒன்றாக இருக்கட்டும். நீலகிரி பி.ஓ.பி.எஃப்., டிம்புலா பி.ஓ.பி.எஃப்., கிடைத்தால் இலங்கையின் ஊவா பி.ஓ.பி.எஃப். ஒரு வரிசை. நீலகிரி டஸ்ட், அசாம் டஸ்ட் இன்னொரு வரிசை, இது பாலோடு. டார்ஜிலிங் ஃபர்ஸ்ட் ஃப்ளஷ்ஷுக்கு ஜோடி டார்ஜிலிங் செகண்ட் ஃப்ளஷ் (இரண்டாம் பறிப்பு)தான், மற்றவற்றோடு நிறுத்தாதீர்கள்.

இனி முறை. ருசி பார்ப்பதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 3103 என்று ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது. 1980-இல் வந்தது, 2019-இல் திருத்தப்பட்டது. அதற்கு அடிப்படையான பிரிட்டிஷ் தரத்துக்கு 1999-இல் இக் நோபல் பரிசு கொடுத்துக் கேலி செய்தார்கள். கேலி இருக்கட்டும், முறை சரியானது. 100 மில்லிக்கு 2 கிராம், வெள்ளைப் பீங்கான், அப்போதுதான் கொதித்த தண்ணீர், மூடி போட்டு 6 நிமிடம். பழைய ருசியாளர்கள் தராசுத் தட்டில் ஆறு பென்ஸ் நாணயம் ஒன்றை எடைக்கல்லாக வைப்பார்கள். அதன் எடை சுமார் 2.8 கிராம், கோப்பை 140 மில்லி. கணக்கு ஒன்றேதான்.

அதற்கான பல் வைத்த பீங்கான் குடுவை வீட்டுக்குத் தேவையில்லை. ஒரே மாதிரியான வெள்ளைப் பீங்கான் கப் நாலு, மூட நாலு சாசர், வடித்து வைக்க வெள்ளைக் கிண்ணம் நாலு, மெல்லிய வலை வடிகட்டி ஒன்று. டஸ்ட்டுக்கு மட்டும் துணி. ஸ்டீல் டம்ளர் வேண்டாம், நிறம் தெரியாது, சூடும் சீக்கிரம் போய்விடும்.

கப்புகளில் வெந்நீர் ஊற்றி ஒரு நிமிடம் சூடாக்கிக் கொட்டிவிடுங்கள். குளிர்ந்த பீங்கான் தண்ணீரின் சூட்டை ஊற்றிய கணத்திலேயே இழுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றிலும் 2.8 கிராம். ஒரே கெட்டிலிலிருந்து 140 மில்லி, கப்பைத் தராசில் வைத்து எடை பார்த்தே ஊற்றலாம். முதல் கப்புக்கும் அடுத்ததற்கும் 30 விநாடி இடைவெளி விடுங்கள், வடிக்கும்போதும் அதே 30 விநாடி. இதைச் செய்யாவிட்டால் முதல் கப் ஆறு நிமிடமும் கடைசி கப் எட்டு நிமிடமும் ஊறி, கடைசித் தேயிலைக்கு அநியாயமாகக் கெட்ட பெயர் வரும். இடையில் கிளறக்கூடாது, கப்பைத் தூக்கி ஆட்டவும் கூடாது.

வடித்ததும் குடிக்க அவசரப்படாதீர்கள். ஊறிய இலையைச் சாசரில் கவிழ்த்து, சூடாக இருக்கும்போதே மூக்கருகே கொண்டுபோங்கள். தேயிலையைப் பற்றிய பாதி உண்மை அங்கேதான் கிடைக்கும். துலக்கிய செம்புப் பாத்திரம் போல் மின்னினால் புளிக்கவிட்டது (உருட்டிய இலையைக் காற்றில் வைத்து நிறம் மாறவிடுவது) சரியாக இருக்கிறது. பச்சையும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாக இருந்தால் வாட்டலோ உருட்டலோ சீராக இல்லை. புகை வாடை என்றால் உலர்த்தியில் கசிவு. கருகல் வாடை என்றால் சூடு கூடிப்போனது. மந்தமான பழுப்பும் லேசான புளிப்பும் சேர்ந்திருந்தால் புளிக்கவிட்டது அளவுக்கு மிஞ்சியது. டார்ஜிலிங் ஃபர்ஸ்ட் ஃப்ளஷ்ஷுக்கு மட்டும் பச்சை குற்றமில்லை, அதை வேண்டுமென்றே குறைவாகப் புளிக்கவிடுகிறார்கள்.

பிறகு ஸ்பூனில் எடுத்து, சத்தம் வரும்படி காற்றோடு சேர்த்து உறிஞ்சுங்கள். வெட்கப்பட வேண்டாம். திவலையாகத் தெறித்தால்தான் மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். இரண்டு மூன்று விநாடி வாயில் புரட்டித் துப்பிவிடலாம். வாயைத் தெளிவாக்க வெறும் பொரியும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். ஊறுகாய், வெற்றிலை, புகை எல்லாம் ஒரு மணி நேரத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

துவர்ப்பையும் கசப்பையும் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். கசப்பு நாக்கில் தெரியும் சுவை. துவர்ப்பு சுவையே இல்லை, ஈறும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு இழுப்பது, வாழைப்பூ நறுக்கின கை மாதிரி. நல்ல தேநீரில் துவர்ப்பு இருந்தே ஆக வேண்டும், ஆனால் சுருக்கென்று வந்து எச்சில் ஊறி விலகிவிட வேண்டும். விலகாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் ஒன்று கோடு தாண்டி ஊறியிருக்கிறது, அல்லது இலை முற்றல்.

ஒரு சுற்று சூடாக, பத்து நிமிடம் கழித்து இன்னொரு சுற்று வெதுவெதுப்பாக. சூட்டில் ஒளிந்திருக்கும் குற்றங்கள் ஆறினால் வெளியே வரும்.

---

வடிகட்டி எழுதியது:

எதிர்க்கருத்து ஒன்று. 100 மில்லிக்கு 2 கிராம், 6 நிமிடம் என்றால் எந்தத் தேயிலையும் குடிக்கிற பதத்தில் இருக்காது. டார்ஜிலிங்கை அப்படிப் போட்டுவிட்டு "கசக்கிறது" என்று எழுதினால் அது என்ன ஒப்பீடு?

---

கோப்பை140 எழுதியது:

அது குடிப்பதற்குப் போடுவது இல்லை, விசாரணைக்குப் போடுவது. குற்றம் இருந்தால் உரக்கச் சொல்லட்டும் என்றுதான் அவ்வளவு கடுமையாக ஊறவைக்கிறார்கள். வாங்குபவர் அந்தக் கசப்பைத் தள்ளிவிட்டுத்தான் மதிப்பிடுவார்.

இருந்தாலும் நீங்கள் சொல்வதில் பாதி நியாயம். இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் எல்லாம் ஒரே அளவில். இரண்டாம் நாள் அதனதன் பதத்தில்: டார்ஜிலிங் ஃபர்ஸ்ட் ஃப்ளஷ் 150 மில்லிக்கு 2.5 கிராம், 85 முதல் 90 டிகிரி, 3 நிமிடம். செகண்ட் ஃப்ளஷ் 95 டிகிரி, 4 நிமிடம். நீலகிரி ஆர்தடாக்ஸ் உடைத்த இலை கொதிநீர், 3 நிமிடம். தெர்மாமீட்டர் இல்லையென்றால் கொதித்த தண்ணீரை ஒருமுறை வேறு பாத்திரத்துக்கு மாற்றி அதிலிருந்து ஊற்றுங்கள், ஏழெட்டு டிகிரி இறங்கிவிடும்.

டார்ஜிலிங் கஷாயமானதற்குக் காரணமும் இதுதான். ஃபர்ஸ்ட் ஃப்ளஷ்ஷில் பச்சை இலையின் கேட்டச்சின்கள் (கசப்பும் துவர்ப்பும் தரும் பொருள்கள்) பெரும்பாலும் மாறாமல் அப்படியே இருக்கும். அடுப்பில் நாலு நிமிடம் கொதிக்கவிட்டால் அத்தனையும் இறங்கும், மணம் ஆவியோடு போய்விடும். கசப்பு மட்டும் கோப்பையில் மிச்சம். அதில் பால் விட்டால், கசப்பை மூடுவதோடு கொஞ்சநஞ்சம் இருந்த மணத்தையும் மூடும்.

---

அட்டன்பக்கம் எழுதியது:

இலங்கைத் தேயிலை பற்றிக் கொஞ்சம். முதலில் பெயர்: எங்கள் பக்கம் திம்புள்ள என்று எழுதுவோம். அட்டன், டிக்கோயா, பொகவந்தலாவ, தலவாக்கலை எல்லாம் அந்த வட்டாரம்தான்.

பாக்கெட்டில் "சிலோன்" என்று இருந்தால் மட்டும் போதாது. கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டர் வரை தாழ்நிலம், 1,200 வரை நடுநிலம், அதற்கு மேலே உயர்நிலம். காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலை கறுப்பாக, கட்டியாக, இனிப்பு கலந்த வாசனையோடு இருக்கும். நுவரெலியா வெளிர் மஞ்சள், மெல்லிய மணம். இரண்டுமே "சிலோன் டீ" என்று விற்கப்படும், கோப்பையில் சொந்தம் கொண்டாடவே முடியாது. வட்டாரப் பெயரும் தரப் பெயரும் இரண்டும் போட்ட பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

பருவமும் முக்கியம். திம்புள்ளவுக்கு நல்ல காலம் தை தொடங்கி பங்குனி வரை, அதாவது ஜனவரியிலிருந்து மார்ச். இரவில் குளிர், பகலில் காய்ந்த காற்று, கொழுந்து மெதுவாக வளரும், மணம் கூடும். ஊவாவுக்கு (பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம்) ஜூலையிலிருந்து செப்டம்பர். மலைக்கு அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வறண்ட கச்சான் காற்றாக இறங்கும். அப்போது பறிக்கும் கொழுந்தில் ஒரு மென்தால் வாடை வரும், தசைப்பிடிப்புக்குத் தடவும் தைலத்தின் ஞாபகம் வரலாம். மெத்தில் சாலிசிலேட் என்ற பொருள் இரண்டிலும் இருப்பதுதான் காரணம். தெரியாதவர்கள் அதைக் "கெட்டுப்போன வாடை" என்று எழுதி ஒதுக்கிவிடுகிறார்கள். ஊவாவுக்கு விலை கொடுப்பதே அந்த வாடைக்குத்தான்.

பால் விஷயம். திம்புள்ள பாலுக்கு ஆகாது என்று முடிவு கட்ட வேண்டாம். பாதிக் கோப்பைக்கு 50 மில்லி பால் என்பது அசாம் சி.டி.சி.க்கான அளவு. நல்ல பி.ஓ.பி.எஃப். 3.5 கிராம், 150 மில்லி கொதிநீர், மூடிவைத்து 4 நிமிடம், வடித்த சாயத்தில் பால் 20 மில்லி. சாயம் செம்பொன் நிறத்துக்கு வர வேண்டும். சாம்பல் படிந்த பழுப்பாக வந்தால் தேயிலை பழசு. இங்கே வீடுகளில் பால்மா (பால் பவுடர்) போடுவது வழக்கம், ஆனால் ஒப்பிடும்போது பால்மா வேண்டாம். அதற்கென்று ஒரு காய்ச்சிய இனிப்பு இருக்கிறது, எல்லாத் தேத்தண்ணியையும் ஒரே மாதிரி ஆக்கிவிடும்.

அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடும் பழக்கத்தை ஆர்தடாக்ஸ் தேயிலைக்கு விட்டுவிடுங்கள். கொதிநீரை இலைமேல் ஊற்றுவது வேறு, இலையைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சுவது வேறு. காய்ச்சினால் சாயம் கூடும், மணம் போகும்.

வெறும் தேத்தண்ணியாக ஒப்பிடுவதென்றால் சீனியைக் கலக்காமல், கித்துள் பனைக் கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடிக்கும் முறையையும் ஒருதரம் பாருங்கள். ஒப்பீட்டுக்கு இல்லை, அது முடிந்த பிறகு.

---

பாய்லர் எழுதியது:

டஸ்ட்டை எல்லாரும் சேர்ந்து மட்டம் தட்டுவதால் ஒரு வார்த்தை. டஸ்ட் மட்டமான தேயிலை இல்லை, வேறு வேலைக்கான தேயிலை. ஆர்.டி., எஸ்.ஆர்.டி., எஸ்.எஃப்.டி. என்று பருமன் வாரியாகச் சலித்துப் பிரித்து, குன்னூர் ஏலத்தில் இலைக்குத் தனி, டஸ்ட்டுக்குத் தனி என்றுதான் விற்கிறார்கள். நல்ல டஸ்ட்டின் வேலை மூன்று: சீக்கிரம் இறங்கணும், பாலைத் தாங்கணும், நிறம் பளிச்சென்று வரணும். அதை வெறும் தண்ணீரில் ஊறவைத்து "மணம் இல்லையே" என்று கேட்பது, இட்லி அரிசியில் பிரியாணி செய்துவிட்டு அரிசியைத் திட்டுகிற கதை.

டஸ்ட்டைப் பாலோடு ஒப்பிடும் முறை இது. 200 மில்லி தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது 7 கிராம் டஸ்ட் போட்டு, உடனே தீயைச் சிறிதாக்கி ஒரு நிமிடம். அணைத்து மூடி ஒன்றரை நிமிடம். துணியில் வடித்துவிடுங்கள், பிழியாதீர்கள். பிழிந்தால் மண்டியும் கசப்பும் சேர்ந்து இறங்கும். பால் 120 மில்லி, தனியாக ஒரே ஒரு கொதி வந்தது, சூடாக. இரண்டையும் சேர்த்து நாலு ஆற்று ஆற்றினால் இரண்டு கிளாஸ். சர்க்கரை முதல் வாய்க்குப் பிறகு.

எதைப் பார்க்கணும்? நிறத்தை. தியாஃபிளேவின் (இலை புளிக்கும்போது உருவாகும் செம்மஞ்சள் நிறப் பொருள்) நன்றாக இருக்கும் தேயிலை பாலில் விழுந்ததும் ஆரஞ்சு கலந்த செம்பு நிறம் கொடுக்கும். தியாரூபிஜின் (அதே போல உருவாகும் செம்பழுப்புப் பொருள்) மட்டும் மிகுந்தது செங்கல் பழுப்பில் நிற்கும். பாலின் கேசின் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால், பாலுக்குப் பிறகும் துவர்ப்பு கொஞ்சம் தெரிகிறதா என்பதுதான் டஸ்ட்டின் பலத்துக்கு அளவுகோல். தெரியவே இல்லையென்றால் அது வெறும் நிறம். அசாம் பாலில் மால்ட் வாசனையோடு கனமாக உட்காரும். நீலகிரி டஸ்ட் கனத்தில் ஒரு படி கீழே, சுறுசுறுப்பில் (நாக்கில் சுருக்கென்று படும் உயிர்ப்பில்) மேலே. பாதிக்குப் பாதி கலந்து பார்த்தால் இரண்டுமே கிடைக்கும்.

பால் எல்லாவற்றுக்கும் ஒரே பாக்கெட்டிலிருந்து இருக்கட்டும். 3 சதவீதக் கொழுப்புள்ள டோன்டு பாலும் 6 சதவீத ஃபுல் கிரீமும் ஒரே டிகாஷனை இரண்டு டீயாக மாற்றிவிடும்.

கெடுவது எங்கே என்றால், டிகாஷனை எடுத்துவைத்து அரை மணி கழித்து ஊற்றுவது (கறுத்து மந்தமாகிவிடும்), வடிகட்டித் துணியை சோப்புத்தூள் போட்டுத் துவைப்பது (வெந்நீரில் அலசி வெயிலில் காயவைத்தால் போதும், சோப்பு வாசனை பத்து டீ வரைக்கும் போகாது), பாலைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது. நிறத்துக்காக சோடா உப்பு ஒரு சிட்டிகை போடுகிறவர்கள் உண்டு. டிகாஷன் ரத்தச் சிவப்பாகிவிடும், ருசி வழுவழுவென்று செத்துப்போகும்.

ஒப்பிடும் நாளில் இஞ்சி, ஏலக்காய் வேண்டாம். மற்ற நாளில் இஞ்சி போட்டால் தண்ணீரிலேயே முதலில் ஒரு கொதி கொதிக்கவிடுங்கள். பச்சை இஞ்சியை நேரே பாலில் போட்டால் அதிலுள்ள நொதி பாலைத் திரித்துவிடும். பால் கெட்டது என்று பால்காரரைத் திட்டுவோம், பாவம்.

---

சுடுதண்ணி எழுதியது:

பருமன் விஷயம் இப்போதுதான் புரிகிறது. இன்னும் இரண்டு சந்தேகம். போர் தண்ணீரில் போட்டால் மேலே எண்ணெய் மாதிரி ஒரு ஆடை படர்கிறது, கப்பின் ஓரத்திலும் பழுப்புக் கோடு. ஆர்.ஓ. தண்ணீரில் ஆடை இல்லை, ஆனால் டீ கூராக இருக்கிறது. எதில் ஒப்பிடுவது? அசாம் டீ ஆறியதும் சேறு கலந்தது போலக் கலங்குகிறது, அது கலப்படமா?

---

கடினநீர் எழுதியது:

ஆடை எண்ணெய் இல்லை. தண்ணீரிலுள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் தேயிலைச் சத்தோடு சேர்ந்து, காற்றுப் படும் மேற்பரப்பில் உருவாகும் படலம். இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டால் கலைந்துவிடும், அதுவே அடையாளம். பைகார்பனேட் தண்ணீரைக் காரமாக்குவதால் நிறம் கறுத்து, சுறுசுறுப்பு மடியும். உங்கள் நாக்குக்குப் போர் தண்ணீர் டீ "மிருதுவாக" பட்டிருக்கும். அது மிருது இல்லை, மந்தம்.

டி.டி.எஸ். மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். அது மொத்த உப்பைச் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. வீட்டில் சாஃப்ட்னர் வைத்திருந்தாலும் இதே சிக்கல் வரும். கால்சியம் போய் சோடியம் வந்திருக்கும், ஆடை குறையும், பைகார்பனேட் அங்கேயேதான் நிற்கும், டீ கறுத்துக்கொண்டேதான் இருக்கும்.

ஒப்பிட ஆர்.ஓ. மூன்று பங்கு, போர் தண்ணீர் ஒரு பங்கு கலந்துகொள்ளுங்கள். போர் தண்ணீர் மட்டும்தான் என்றால் முந்தைய நாள் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, இரவு முழுக்கத் தெளியவிட்டு, அடியில் வெள்ளையாகப் படிந்ததை அசைக்காமல் மேல்தண்ணீரை இறுத்து எடுங்கள். கடினத்தன்மையில் ஒரு பகுதி அந்த வெள்ளையோடு போய்விடும். எதுவானாலும் எல்லாக் கோப்பைக்கும் ஒரே குடத்துத் தண்ணீர்.

மலையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும். 2,240 மீட்டரிலுள்ள ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே நன்றாக இருந்த அதே தேயிலை சென்னைக் கொதிநீரில் கூடுதலாகத் துவர்த்தால் கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். நேரத்தில் அரை நிமிடம் குறைத்துப் பாருங்கள்.

அசாம் கலங்குவது கலப்படம் இல்லை, நல்ல சான்றிதழ். கஃபீனும் தியாஃபிளேவின் வகையறாவும் சூட்டில் தனித்தனியாகக் கரைந்திருந்து, ஆறும்போது ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். மறுபடி சுடவைத்தால் தெளிந்துவிடும். சத்து மிகுந்த தேயிலைதான் அப்படிக் கலங்கும். நீலகிரி ஆர்தடாக்ஸ் அவ்வளவாகக் கலங்காது, ஐஸ் டீக்கு அதைத் தேடி வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கலப்படச் சந்தேகம் என்றால் வேறு சோதனை. வடிதாளில் கொஞ்சம் தேயிலையைப் பரப்பித் தண்ணீர் தெளியுங்கள், பிறகு இலையைக் கழுவித் தள்ளிவிட்டுத் தாளை வெளிச்சத்தில் பாருங்கள். சாயம் ஏற்றியது என்றால் உடனே கறை பிடித்திருக்கும். இரும்புத்தூளுக்குக் காந்தத்தை மெல்ல மேலே ஓட்டினால் தெரிந்துவிடும்.

---

சுடுதண்ணி எழுதியது:

சரி, ஞாயிற்றுக்கிழமைத் திட்டம் இப்படி. ஆர்.ஓ. மூன்று, போர் ஒன்று. 2.8 கிராம், 140 மில்லி, 6 நிமிடம். வரிசை: நீலகிரி பி.ஓ.பி.எஃப்., திம்புள்ள பி.ஓ.பி.எஃப்., அசாம் ஆர்தடாக்ஸ் பி.ஓ.பி.எஃப்., கடைசியாக டார்ஜிலிங் இரண்டு. பெயர் தெரியாமலிருக்க கப்பின் அடியில் எண் ஒட்டி, வேறொருவரை வரிசை மாற்றச் சொல்லப்போகிறேன். ஏதாவது விட்டேனா?

---

கோப்பை140 எழுதியது:

இரண்டு திருத்தம்.

எண் ஒட்டுவது மட்டும் போதாது. அசாமை நிறத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள், பிறகு நாக்கு தன் வேலையைச் செய்யாது. நீலகிரி எது, திம்புள்ள எது என்பதில்தான் உண்மையான பரீட்சை. மூன்று கப் வையுங்கள், இரண்டில் ஒரே தேயிலை, ஒன்றில் மற்றது. தனித்து நிற்பது எது என்று சொல்ல வேண்டும். ஒருமுறை சரியாகச் சொன்னால் அதிர்ஷ்டமாக இருக்கலாம், மூன்றில் ஒரு வாய்ப்பு. நாலு முறை தொடர்ந்து சொன்னால் குருட்டாம்போக்காக வர வாய்ப்பு 81-இல் ஒன்றுதான், உங்கள் நாக்கை நம்பலாம். கண்ணைக் கட்ட வேண்டாம், விளக்கின் வெளிச்சத்தைக் குறைத்தாலே போதும்.

இன்னொன்று, டார்ஜிலிங்கைக் கடைசியில் வைக்காதீர்கள். அசாம் குடித்த வாய்க்கு அது வெந்நீர். ஃபர்ஸ்ட் ஃப்ளஷ்தான் முதல் கோப்பை, அடுத்து செகண்ட் ஃப்ளஷ். பத்து நிமிடம் இடைவெளி விட்டு, பொரி சாப்பிட்டுவிட்டு மற்ற மூன்று. அசாம் எப்போதும் கடைசி.